அர்த்தம் தெரியாத ஒரு மாற்றம்

கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் பேருந்தில் போய் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் புற்றுநோய் மரபியல் தனிப் பாடமாக வந்தது. நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா சுருக்கமாக, "கேன்சர் படிப்பு" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு வரும் கேள்விகளை நான்தான் சமாளிக்க வேண்டும். "அப்ப நீ ஊசி போடுவியா?" "மருந்து கண்டுபுடிச்சி மறைச்சி வச்சிருக்காங்களாமே, நெசமா?" துபாயிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருந்த மாமா, முள்சீத்தாப் பழம் புற்றுநோயைக் கரைக்கும் என்கிற வாட்ஸ்அப் செய்தியை எனக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் மறுத்துப் பதில் எழுதினேன். பிறகு பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில், மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அம்மாவுக்கு நேர் இளையவர். நாற்பதைக்கூடத் தொடவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு பல மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். பாண்டிச்சேரியில் அறுவை சிகிச்சை முடிந்து கீமோ ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் பலகையில் ஒரு குடும்பத்தின் வரைபடம் போட்டார். வட்டம் பெண், சதுரம் ஆண், நோய் வந்தவர்களின் வட்டத்துக்குள் கறுப்பு. பார்த்து எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே பெரியம்மா இதே நோயில் மவுத்தாகிவிட்டார். அம்மாவைப் பெற்ற பாட்டியும் வயிற்றில் கட்டி வந்து, நான் பிறப்பதற்கு முன்பே போனவர். இப்போது சின்னம்மா. அந்தப் படத்தை எங்கள் வீட்டுக்குப் போட்டால், அக்கா தங்கை மூவரில் கறுப்பு அடிக்காமல் மிச்சமிருக்கும் ஒரே வட்டம் என் அம்மா.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"முதல்ல நோய் வந்தவங்களுக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும்மா. அவங்க ஜீன்ல பழுது இருந்தா மத்தவங்களுக்குப் பாக்கலாம். அந்த ஆஸ்பத்திரியிலேயே இதப் பத்தி எடுத்துச் சொல்றதுக்குன்னே கவுன்சிலர் இருப்பாங்க. நீ வீட்ல போயி கிளாஸ் எடுக்காத."

அன்று சாயங்காலமே நான் வீட்டில் கிளாஸ் எடுத்தேன்.

"டி.என்.ஏ. ஒடைஞ்சா அத ஒட்டவைக்கிற ஜீன் ஒண்ணு இருக்கும்மா. அது பழுதா இருந்தா இந்த நோய் குடும்பத்துலயே வரும். ஒனக்கு இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். ரத்தம் குடுத்தா பாத்துடலாம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "எனக்கு ஒண்ணுமில்ல, ஒனக்கும் ஒண்ணுமில்ல. நல்ல வார்த்தை பேசு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாமா வந்தார். அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, சின்னவ வீட்லயும் ஒரு பொண்ணு நிக்கிது. ஒனக்கும் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். குடும்பத்துல கேன்சர் ஓடுதுன்னு நாமளே காசு குடுத்து எழுதி வாங்கி வச்சிக்கிட்டா, எவன் வருவான்?"

"எழுதி வாங்கலன்னா இல்லாம போயிடுமா மாமா?"

"அல்லாஹ் நாடுனது நடக்கும். நீ படிச்சத காலேஜோட வச்சிக்க."

அந்தப் பருவத் தேர்வில், அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் உடைந்த டி.என்.ஏ. இழையில் எந்த இடத்தில் வந்து உட்காரும், துணைக்கு எந்தப் புரதங்களை அழைத்துவரும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. வீட்டில் கொஞ்சம் ரத்தம் எடுக்க ஒருவரையும் சம்மதிக்கவைக்க முடியவில்லை. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்களைக் கோத்துக்கொண்டே வருவேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பேன்.

ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சின்னம்மாவுக்குத் துணையாகக் கீமோவுக்கு நான் போனேன். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவராகவே கேட்டார்.

"எல்லாரும் ஒன்ன ஏசுறாங்களாமே. என்னா டெஸ்ட் அது?"

சொன்னேன். இந்த முறை ஜீன், புரதம் எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"எம் பொண்ணுக்கு வருமா வராதான்னு அதுல தெரியுமா?"

"வரும்னு அடிச்சிச் சொல்ல மாட்டாங்க சின்னம்மா. ஆபத்து ஜாஸ்தியா கம்மியான்னு தெரிய வாய்ப்பிருக்கு."

"அப்ப எடுத்துடு. எனக்கு இனிமே புதுசா என்னா வரப்போவுது? அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

என்ன பேசினாரோ தெரியவில்லை. அடுத்த முறை மாமாவே காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை அழைத்துப்போனார். கவுன்சிலர் ஓர் இளம்பெண். பொறுமையாக விளக்கினார். பழுது இருக்கிறது என்று வரலாம், இல்லை என்று வரலாம், மாற்றம் இருந்தும் அதன் அர்த்தம் தெரியாமலும் போகலாம். எல்லோரும் தலையாட்டினோம். திரும்பும் வழியில் மாமா, "இருக்கும், இல்லாட்டி இருக்காது. அவ்ளோதானே?" என்றார். நான் திருத்தவில்லை. எனக்கும் அந்த மூன்றாவது மனதில் நிற்கவில்லை.

முடிவு வரும்வரை அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முடிவு சொல்லும் நாளில் மாமா, சின்னம்மா, நான் மூவரும் போனோம்.

"ஒரு மாற்றம் இருக்கு," என்றார் கவுன்சிலர். "ஆனா அது நோய உண்டாக்குற மாற்றமா, சும்மா இருக்குற மாற்றமான்னு இப்போதைக்குச் சொல்ல முடியல. இத வச்சி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மத்தவங்களும் இதுக்காக டெஸ்ட் எடுக்க வேணாம். ஆனா குடும்பத்துல இத்தன பேருக்கு வந்திருக்கு. அதனால பொம்பளைங்க வருஷா வருஷம் செக்கப் செய்யறத விட்டுடாதீங்க."

"இருக்கா, இல்லியா மேடம்?"

"தெரியல சார்."

மாமா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

சின்னம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மனித டி.என்.ஏ.வில் மூவாயிரம் கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் என்று முதலில் தப்பாகச் சொல்லி, பிறகு முந்நூறு கோடி என்று நானே திருத்திக்கொண்டு, வீட்டில் அத்தனை பெருமையாக விளக்கியிருந்தேன். அதில், சின்னம்மாவின் அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பல்கலைக்கழகக் கணினியில் அதைத் தேடினேன். அறிவியலாளர்கள் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்திலும் அதற்கு எதிரே 'உறுதியில்லை' என்றுதான் இருந்தது. பேராசிரியரிடம் காட்டினேன்.

"நம்ம ஊர் ஆளுங்களோட டேட்டா ரொம்பக் கம்மி. ஜாஸ்தி பேர் டெஸ்ட் எடுத்தாதான் இதுக்கெல்லாம் அர்த்தம் தெரியும்."

"ஒருத்தர எடுக்க வைக்கறதுக்குள்ளயே போதும்னு ஆயிடிச்சி சார்."

அவர் சிரிக்கவில்லை. பாடத்தில் வந்த குடும்பங்களில் ஒன்றுகூட இப்படி முடிந்ததில்லை. கறுப்பு வட்டம், பழுது, காரணம் என்று எல்லாம் பொருந்தி வந்தன. எங்கள் குடும்பம் மட்டும் பொருந்த மறுத்தது.

மிஞ்சியது அம்மாவின் செக்கப். அதாவது நடந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நாள் வாங்கினேன். முதலில் வாங்கிய நாளில் கிள்ளையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றார். அடுத்தது நோன்பில் வந்தது. அதற்கடுத்து, அன்றைக்குத்தான் கேஸ் சிலிண்டர் வரும் என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். "டெஸ்ட்டுன்ன, எடுத்தாங்க. என்னா கண்டுபுடிச்ச? இப்ப எங்கிட்ட வந்துட்ட."

கடைசியில் சின்னம்மாதான் வந்தார். கீமோ முடிந்து தலையில் குட்டையாக முடி வளரத் தொடங்கியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் காலையில் பேருந்து ஏறி வந்து கூடத்தில் நின்றார்.

"பொடவைய மாத்துக்கா."

"எங்கடி?"

"எனக்குப் பாத்த எடத்துக்குத்தான். நான் மறைச்சி வச்சி பட்டது போதாதா? மாத்து."

அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். இத்தனை மாதமாக நான் அறிவியலை வைத்துச் செய்ய முடியாததை, சின்னம்மா உட்காரக்கூடச் செய்யாமல் செய்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

மார்பகத்தைப் படமெடுக்கும் மேமோகிராமில் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் அம்மாவின் முகத்தில் தெம்பு வந்துவிட்டது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. நீயும் ஒன் படிப்பும்."

"அடுத்த வருஷமும் வரணும்மா."

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்கல்ல. அப்புறம் எதுக்கு?"

இன்றைக்கு ஒன்றுமில்லை என்பதற்கும் இனி வராது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடையைப் பார்த்து நடந்துவிட்டார்.

படிப்பை முடித்துவிட்டேன். சின்னம்மா நன்றாக இருக்கிறார், மாத்திரை சாப்பிடுகிறார், மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தத் தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறேன். எங்கள் வீட்டு எழுத்துக்கு எதிரே எதுவும் மாறவில்லை. அம்மாவின் இந்த ஆண்டு செக்கப்புக்கு நாள் வாங்கிவிட்டேன். நேற்று நினைவூட்டியபோது, அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். யார் என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லையாம்.