நாலாம் தாங்கியின் விளிம்பில் நானாவின் கை

கண் திறந்ததும் நான் முதலில் கண்டது ஒரு கையை. கப்பல் தாங்கியின் வாயைச் சுற்றியிருந்த இரும்பு விளிம்பை அது இறுகப் பற்றியிருந்தது. மூன்று விரல்களில் நகம் பிய்ந்து, பச்சைப் பெயின்ற்றின் மேல் இரத்தம் வடிந்தது. "நானா, கைய விடுங்க. தம்பி வெளிய வந்துட்டான்," என்று எங்கள் டெக் ஆட்களின் தலைவர், சிலாபத்துக்காரப் போசன், சொல்லிக்கொண்டே இருந்தார். கை விடவில்லை. கடைசியில் அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அது என் நானாவின், கூடப் பிறந்த அண்ணனின், கை.

இரசாயனம் ஏற்றும் கப்பலுக்குப் போகும் முன்னர் நானும் நானாவும் கற்பிட்டிக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்கிக் குளித்தவர்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருவன் எழும்பப் பிந்தினால் மற்றவன் கேள்வி கேட்காமல் பாய வேண்டும். வாப்பா அப்படித்தான் எங்களைப் பழக்கினார். பதினேழு வயதில் நான் கடலடிப் பாறைப் பாரில் கால் சிக்கிக் கிடந்தபோது, நானா வள்ளத்திலிருந்து சாரத்தோடு பாய்ந்து என்னைத் தூக்கி வந்தார். உம்மா அந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

கப்பலில் நானா பம்ப்மேன். நான் சாதாரண டெக் ஆள், வாய் மட்டும் கப்டனுக்குரியது. அந்தக் கப்பல் மூன்று தடவை பெயர் மாறியது. முகப்பில் பழைய பெயரின் எழுத்துகள் பெயின்ற்றுக்கு அடியில் தழும்பு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றன. அலுவலக அலுமாரியில் கிடந்த பழைய கோப்பை நானா ஒருநாள் வாசித்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கையில் சொன்னார். பழைய பெயரில் ஓடிய காலத்தில், இதே நாலாம் தாங்கிக்குள் ஒருவன் விழுந்திருக்கிறான். அவனைத் தூக்க ஒருவன் இறங்கினான், அவனைத் தூக்க இன்னொருவன். மூன்று பேரும் மௌத்து. "கப்பலுக்குப் பேர மாத்தலாம். தாங்கிட வயித்த மாத்த ஏலுமா?" என்றார். நான் சிரித்தேன். அன்றிலிருந்து எந்தத் தாங்கியைத் திறந்தாலும், முதலில் இரண்டு காற்றுச் சிலிண்டர்களையும் முகமூடிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கலியாண வீட்டில் கதிரை அடுக்குகிற மாதிரி அடுக்குகிறார் என்று எல்லோரும் பகிடி பண்ணினோம். எல்லாரையும் விடக் கூடப் பண்ணியவன் நான்தான்.

விபத்து நடந்த அன்றைக்குச் சரக்கை இறக்கி, அந்த நாலாம் தாங்கிக்குள் நைட்ரஜன் நிரப்பியிருந்தோம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; உள்ளே மூச்சுக்குக் காற்றும் மிஞ்சாது. அளவு பார்க்க மூடியைத் திறந்தபோது என் டோர்ச் நழுவி உள்ளே விழுந்து, ஏணியின் முதல் தட்டில் நின்றது. இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, ஆழம்கூட இல்லை. எட்டுப் பாகத்துக்குக் குளித்தவனுக்கு இது ஒரு ஆழமா? ஒரு மூச்சை அடக்கினால் போய் எடுத்து வரலாம் என்று நினைத்தேன். எங்கள் கரையில் பிறந்தவனுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். மூச்சை இழுத்து அடக்கி இறங்கினேன். டோர்ச்சையும் எடுத்தேன். ஏறும்போது கால் வழுக்கி முழங்கால் இரும்பில் அடிபட்டது. வலியில் வாய் திறந்து ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சுக்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

மிச்சம் எல்லாம் போசன் சொன்னது. என் பாதுகாப்புத் தொப்பி இரும்பில் மோதிய சத்தம் கேட்டு நானா ஓடி வந்தார், எட்டிப் பார்த்தார். பிறகு தாங்கி வாயிலேயே கால்களை விரித்து உட்கார்ந்துவிட்டார். பாய வந்த இரண்டு பேரையும் தோளால் தள்ளிவிட்டார். நானா அடுக்கி வைத்திருந்த முகமூடிகளைப் போட்டுப் போசனும் இரண்டாம் ஒபிசரும் இறங்கும் வரை மூன்று நிமிசம். நானா அவர்களுக்கு மட்டும் ஒதுங்கி வழிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு, விளிம்பைப் பிடித்தபடி இருந்தாராம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன், என் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான். உம்மா நானாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தம்பி உள்ள கிடக்க, நீ மேல குந்தி இருந்தியா மகன்?"

"ஓம் உம்மா."

அதன் பிறகு பதினொரு வருசம் உம்மா அவருக்குச் சோறு போட்டாள், சுகம் விசாரித்தாள், ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்ததே இல்லை. பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போவாள். நானும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனசின் ஒரு மூலையிலும் அந்தக் கேள்வி கிடந்தது.

இப்போது நான் பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறேன். நானா கரையில் வள்ள எஞ்சின் திருத்துகிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு, போசன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நானாவும் எங்களோடு சாப்பிட இருந்தார். பழைய கதைகள் ஓடின. இடையில் சும்மா சொன்னார்: "ஒபிசர் முதல் முகமூடிய நானாட்டத்தான் நீட்டினவர். கிட்ட நின்டது நானாதானே. இவர், 'வேணாம், நீ போடு' எண்டு என்னட்டத் தள்ளிட்டார்."

எடுத்த பிடிச் சோற்றை நான் தட்டிலேயே வைத்தேன். குசினி வாசலில் உம்மா நின்றதையும் கண்டேன். நானா மேலே காத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். முகமூடியை வேண்டாம் என்றார் என்பது தெரியாது.

"என்னத்துக்கு நானா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, தலை நிமிராமல் சொன்னார். "எனக்கு என்னையத் தெரியும்டா. நான் போட்டு இறங்கி இருந்தா, உன்ட மூஞ்சப் பாத்ததும் அதக் கழட்டி உனக்கு மாட்டி இருப்பன். பொறகு ரெண்டு பேரும் அங்கயே மௌத்து. போசனுக்கு நீ தம்பி இல்ல. அதான் அவருட்டக் குடுத்தன்."

அந்த மூன்று நிமிசத்தில், அந்த மனிசர் தன் பாசத்தையே எடைபோட்டு, அது என்னைக் கொன்றுவிடும் என்று கண்டுபிடித்திருக்கிறார். கடலில் பாய்ந்து என்னைத் தூக்கியவரும் இவர்தான். பாய்வது அவருக்குச் சுலபம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இப்படி ஒருவர் என் கூடப் பிறந்தார் என்பதை நினைக்க எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

சாப்பாடு முடிந்து உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். பழக்கத்தில் கதிரைப் பக்கம் குனிந்தவள், நிமிர்ந்தாள். நானாவின் வலது கையைப் பிடித்து இழுத்து, கோப்பையை அதில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அந்த விரல்களை மூடினாள். மூன்று நகங்களும் கோணலாகத்தான் வளர்ந்திருந்தன.

"சூடு உம்மா," என்றார் நானா. உம்மா கையை எடுக்கவில்லை.