இசக்கி கொண்டுவந்த சாம்பிள்

போல்ட்டுக் கடைக்காரன் இரும்பைப் பார்ப்பதைவிட வருகிறவரின் விரலைப் பார்ப்பதுதான் அதிகம். "இந்தா, இவ்வளவு நீளம் அண்ணாச்சி" என்று ஆள்காட்டி விரலை நீட்டுவார்கள். பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் அந்த நீளம் அரை இஞ்ச் கூடிவிடும். கடை வைத்துக் கஷ்டப்படுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

கண் சொக்கும் நேரம்

மும்பை தாராவியில் என் கடை ஆறடி அகலம். மழைக்காலத்து மத்தியானத்தில் தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே எனக்குக் கண் சொக்கும். ஒரு போல்ட்டை விரலில் உருட்டிக்கொண்டே இருப்பேன். அதன் திருகு மரை மேலே மேலே ஏறும், எங்கேயும் போய்ச் சேராது. ஒருநாள் அப்படி எத்தனை நேரம் இருந்தேனோ, எதிரே ஒரு மெக்கானிக் தம்பி சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். "அண்ணா, கனா சப்னா எல்லாம் முடிஞ்சுதுன்னா ரெண்டு போல்ட் குடு, எனக்கு டைம் ஆகுது!"

தலையோடு அளந்தவர்

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் வந்தார். காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டார்ட்டர் போல்ட்டு, நாற்பத்தைந்து மில்லிமீட்டர், தானே ஸ்கேல் வைத்து அளந்தாராம். கொடுத்தேன். மறுநாள் நீளம் அதிகம் என்று திரும்பி வந்தார். போல்ட்டைத் தலைக்குக் கீழேதான் அளக்கணும் மாமா என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "மனுஷாளோட உயரத்தைத் தலையையும் சேர்த்துத்தானே ஓய் அளக்கறா!"

சாம்பிள்

அன்றே சுவரில் எழுதிப்போட்டேன்: 'சாம்பிள் இல்லாமல் ஸ்டார்ட்டர் போல்ட்டு கிடையாது.' அதைப் படித்துவிட்டுத்தான் இசக்கி பழைய போல்ட்டை மேஜையில் வைத்தார். செம்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பெண்சாதி செல்விக்கு மாசம் நிறைந்திருந்தது. வண்டியோ, போல்ட்டு மரை தேய்ந்துபோய், சாவி போட்டால் கர்கர் என்று அரைக்கிறது. மரையைப் பார்த்தேன், நீளத்தைப் பார்த்தேன், தலையில் இருந்த நம்பரைப் பார்த்தேன். அச்சு அசலாக அதே மாதிரி புதுசாக இரண்டு கொடுத்தேன்.

இரண்டாம் நாள் முகம் வெளுத்து வந்து நின்றார். "போல்ட்டு டைட்டாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஸ்டார்ட்டர்தான் ஆடுது. காலையில அஞ்சாறு தரம் சாவி போட்டபொறவுதான் கெளம்புச்சு. செல்விக்கு வலி வந்தா நான் என்ன செய்வேன்?"

ரீஃபில்

 கடையை விட்டு இறங்காத மனுஷன், குடையை எடுத்துக்கொண்டு அவர் காருக்கே போனேன். போல்ட்டைக் கழற்றி, பேனா ரீஃபிலை ஓட்டைக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து எடுத்தேன். குடைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ரோட்டுச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. ரீஃபிலும் நானும் மட்டும்தான் உலகத்தில் இருந்தோம்.

ஓட்டை ஆழம் குறைவு. போல்ட்டு அடியில் போய் முட்டி நின்றுகொள்கிறது, ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடிக்கவில்லை. முன்னால் எவனோ நீளமான போல்ட்டைப் போட்டு, தலைக்கடியில் வாஷர் வளையம் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறான். "எய்யா இசக்கி, பழைய போல்ட்டுல வாஷர் இருந்துச்சா?" அதை முதல் நாளே கேட்காதது என் புத்திகெட்டத்தனம். கடைக்குப் போய் அதைவிட ஆறு மில்லிமீட்டர் குட்டையான போல்ட்டு இரண்டு எடுத்துவந்து, கையாலேயே மரை பிடிக்கவைத்து முடுக்கினேன். ஒரே சாவி, வண்டி எடுத்துக்கொண்டது. இசக்கி தலையைச் சொறிந்தார். "ரெண்டு ரெண்டா கெடந்துச்சு அண்ணாச்சி. துரு ஏறிக் கெடக்கேன்னு சாக்கடைல போட்டுட்டேன்."

ஜாடை

நாலு நாள் கழித்து இசக்கி அல்வாவோடு வந்தார். வலி வந்ததும் ஒரே சாவியில் வண்டி கிளம்பியதாம். பெண் குழந்தை. வீடியோ காலில் செல்வி துணியை விலக்கிக் காட்டினாள். அந்தக் குட்டி முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "யாரு ஜாடை தாயி?" என்று மட்டும் கேட்டேன். செல்வி சிரித்தாள். "பிள்ளைக்குமா சாம்பிள் கேக்கிய அண்ணாச்சி?"

இப்போது கடைச் சுவரில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'வாஷரையும் சேர்த்துக் கொண்டுவரவும்.'