அம்மா ஆபீசரிடம் சொன்ன பொய்

அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் அவருடைய துண்டு சிக்கி, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலையில் செத்தவருக்கு நஷ்டஈடு உண்டென்று மாமா மனு எழுதிப் போட்டார். ஒரு வருஷம் கழித்து மெட்ராஸிலிருந்து விசாரணைக்குக் கடிதம் வந்தது.

தனக்குச் சட்டம் தெரியும் என்பது மாமாவின் எண்ணம். நான் ஆசையாகப் போட்டிருந்த தீபாவளிப் பாவாடையைக் கழற்றவைத்து, கிழிசலை உடுத்தச் சொன்னார். "ஆபீசரப் பாத்ததும் நீ அழுவணும் பாப்பா" என்று காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து பாடம் நடத்தினார்.

ஆபீஸ் வராந்தாவில் இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாமல்காரி. மில்லுக்கு நெல் எடுக்க அப்பா அடிக்கடி போய்வந்த ஊர் அது. மாமா உள்ளே போய் விசாரித்துவிட்டு வேகமாக வந்தார்.

"தோ பாரும்மா, அந்தக் கொழந்தையும் உன் வூட்டுக்காரரோடதாம். பங்கு கேக்கறா. யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடு."

அம்மா குழந்தையின் மடங்கிய காது மடலைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள்.

உள்ளே ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் இந்தக் குழந்தையைப் பராமரிச்சாராம்மா? அப்படின்னாத்தான் அதுக்குப் பங்கு உண்டு."

"மாசாமாசம் பால் செலவுக்குக் குடுத்துக்கினுதான் இருந்தாரு சார். எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்ததே அன்று காலையில்தான். வெல்லம் தின்றுவிட்டு இல்லையென்று சொன்னதற்காக என் கையில் கரண்டியால் அடித்தவள் அம்மா. திகைப்பில் அழ மறந்துபோனேன். மாமாதான் அழுதுவிடுவார் போலிருந்தார்.

சில மாதம் கழித்து வந்த உத்தரவில் ஒரு பங்கு அந்தக் குழந்தையின் பெயருக்குப் போனது. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை வெகுகாலம் நிறுத்திவைத்தார்.

விசாரணை நடந்த அன்று திரும்பும் பஸ்ஸில் தாமல்காரி எங்களுக்கு முன் சீட்டில் இருந்தாள். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எது பொய்யி? குடுத்திருப்பாருடி. பெத்த கொழந்தைக்குக் குடுக்காம இருக்கற ஆளா உங்கப்பா?"

ஒரு பொய்யை மறைக்க அம்மா இன்னொரு பொய் சொல்கிறாள் என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.