நட்சத்திரம் இல்லாத அர்ச்சனை

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கோப்பையை ஜெயித்த வருஷம் அது. பெரிய மகன் என்னை அமெரிக்காவில் தான் இருந்த சன்னிவேலுக்கு அழைத்து வந்திருந்தான். ஞாயிறுதோறும் லிவர்மோர் கோயிலுக்குப் போவோம். மலை தாண்டிப் போகிற வழி, எனக்குத் தலை சுற்றும். அது கிடக்கட்டும்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வருவார். குட்டையாக வெட்டிய நரைமுடி, புடவைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர். அர்ச்சனைக்கு ஒரு தாளைப் பார்த்து ஏழெட்டுப் பெயர் சொல்வார். அகமது, ஹோசே என்றெல்லாம் வரும். குருக்களும் முகம் சுளிக்காமல் சொல்வார்.

"இத்தனையும் உங்க பிள்ளைங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை ஐயா. ஆம்பிளையா இருந்தும் ஆம்பிளையை விரும்பினதுக்கு வீட்டுச் சனம் துரத்தின பெடியள். ஊருக்குத் திருப்பி அனுப்பினா உயிர் மிஞ்சாது. இங்கை அடைக்கலம் கேக்கிற அசைலம் கேஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்கு ரெண்டு பேருக்கு விசாரணை."

"நட்சத்திரம் சொல்லலியே?"

"அது பெத்தவைக்குத்தான் தெரியும். அவை எங்களோட கதைக்கமாட்டினம். பேரை மட்டும் சொல்லி விடுறன்."

என் சின்ன மகனை அதே காரணத்துக்காக வீட்டை விட்டு அனுப்பியவன் நான். டெக்சாஸில் இருக்கிறான் என்று கேள்வி.

"ஒரு பேர் சேத்துக்கணும்மா. செந்தில். ரோகிணி நட்சத்திரம்."

யார், என்ன என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"நட்சத்திரத்தோட வந்த முதல் பேர் ஐயா இது," என்றார்.

அந்த வாரமே நான் ஊர் திரும்பிவிட்டேன்; அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்தத் தாளில் அவன் பெயர் இன்னும் இருக்கிறதோ என்னவோ. டெக்சாஸ் பக்கம் போகிறவர்கள் செந்திலைப் பார்த்தால், அவன் நட்சத்திரத்தை அப்பா மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.