கதவைச் சாத்தும் காட்சி

எங்கள் வீட்டில் நாடகம் பார்ப்பதென்றால் பென் டிரைவை டிவியில் செருகிப் பார்ப்பதுதான். மூணாறுக்கும் மேலே, இந்த எஸ்டேட்டுக்கு எந்த நாடகக் குழுவும் ஏறி வராது. என் வீட்டுக்காரர்தான் டவுனுக்குப் போகும்போதெல்லாம் மேடை நாடகங்களை டவுன்லோடு செய்து கொண்டு வருவார். பார்த்துப் பார்த்து, எந்த நடிகை எங்கே சொதப்புகிறாள் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். அதனால் கோயில் திருவிழா நாடகத்தில் அம்மா வேஷத்துக்கு ஆள் தேடியபோது நானே கையைத் தூக்கினேன்.

மாமனாருக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணமான பொம்பளைக்கு மேடை என்னத்துக்கு?" என்றார். நாடகத்தன்று கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். ஆனால் நாடகம் நன்றாகப் போனதால், ஈஸ்டருக்கு அதையே பக்கத்து எஸ்டேட்டிலும் போடச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டில் மறுபடி முறைப்பு. வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்: "வீடியோ வரட்டும். அப்பா பாத்துட்டுச் சொல்லட்டும்." உடனே சம்மதித்தேன். என் நடிப்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வீடியோ எடுத்தவர் கல்யாண வீடியோக்காரர். அவருக்கு வேறு எதுவும் எடுத்துப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நாடகத்தில் என் குடிகார மகன் தள்ளாடி வரும்போது திரையில் ரோஜாப்பூ கொட்டியது. பொறுத்துக்கொண்டேன். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவன் தட்டத் தட்ட, சாத்திய கதவோடு நான் பேசிக் கடைசியில் திறக்கும் காட்சி வந்தது. நாடகமே அதுதான். நான் வாயைத் திறந்ததும், தாலி கட்டும்போது சொந்தக்காரர்கள் பக்கம் திரும்புமே, அதே மாதிரி கேமரா ஜனங்கள் பக்கம் திரும்பிவிட்டது. குரல் மட்டும் என்னுடையது. திரை முழுக்க யார் யாரோ முகம். அந்த ஆளைத் திட்ட ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் என் கையை அழுத்தித் திரையைக் காட்டினார்.

கடைசி வரிசைக்கும் பின்னால், கோயில் வாசல் தூணில் சாய்ந்து மாமனார் நின்றுகொண்டிருந்தார். தலைக் குல்லாவைக் கழற்றி, அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிற முகம் கிடைத்தால் கல்யாண வீடியோக்காரர் விடுவாரா? நான் பேசி முடிக்கும்வரை கேமரா அவரை விட்டு நகரவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மாமனார் எங்கள் பக்கம் திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே, "கதவ வெரசாத் தொறந்துட்ட. அங்க போடும்போது அவன் இன்னும் ரெண்டு தட்டு தட்டட்டும்" என்றார்.

"சரி மாமா," என்றேன். "அங்க நீங்க முன்வரிசையில உக்காருங்க. நின்னாத்தான் காலு வலிக்கும்."