இளகிய மிட்டாய்க்கு எழுதிய பதில்

புதூரிலிருந்து தினமும் பேருந்தில் கோவில்பட்டிக்கு வரும் சுதாராணி, ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர். தனி வாக்கியம் ஒரு செய்தியை நேரே சொல்லும். தொடர் வாக்கியம் இரண்டைச் சமமாகச் சேர்க்கும். கலவை வாக்கியம் ஒன்றை இன்னொன்றுக்குக் கீழே வைக்கும். கல்லூரியில் படித்த இந்த வேறுபாடு அவருக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

சென்ற மழைக்காலத்தில், அனுப்பிய மிட்டாய் இளகி ஒட்டிப்போனதாக தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வியாபாரி ஒருவர் புகார் எழுதினார். பதில் சரியில்லையென்றால் அவரோடு நடக்கும் வியாபாரமே கைவிட்டுப் போய்விடும். பாகு பதம் தப்பியதுதான் காரணம் என்பது முதலாளி அழகிரிசாமிக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது வேறு.

"கப்பல்ல ஈரக்காத்துன்னு சுத்திவளைச்சு எழுதும்மா."

சுதாராணி அப்படியே எழுதினார். அரைப்பக்கம் நீண்ட ஒரே கலவை வாக்கியத்தில் தவறு எங்கோ அடியில் புதைந்துபோயிற்று. அதை முதலாளிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"நல்லாத்தான இருக்கு?"

"உங்களுக்கு ஒருத்தன் இப்படி எழுதுனா நம்புவியளா, அண்ணாச்சி?"

"நானா? அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

சுதாராணி அதை அழித்துவிட்டு முதலில் ஒரு தனி வாக்கியம் எழுதினார்: 'பாகின் பதத்தை நாங்கள் தவறவிட்டோம்.' அடுத்தது தொடர் வாக்கியம்: 'புதுச் சரக்கு அனுப்புகிறோம், அதற்கு நீங்கள் பணம் தர வேண்டாம்.'

"ஏம்மா, என்னையவே காட்டிக்குடுத்துட்டியே!" என்று சிரித்தார் அழகிரிசாமி. "சரி, அனுப்பு. கீழ எம்பேரையே போடு."

வியாபாரி விலகவில்லை, அடுத்த சரக்கையும் சேர்த்தே கேட்டு எழுதினார். இப்போதெல்லாம் பாகு காய்ச்சும்போது அழகிரிசாமி அடுப்பைவிட்டு நகர்வதில்லை.