மஞ்சள் தூள் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்

அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு வாசற்கதவை விட அகலம். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கதவைத் திறக்க முடியாமல்தான் ஒரு மே மாதத்துப் பகல் முழுக்க உள்ளே உட்கார்ந்து வெந்தேன்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பாயின் ஷெட்டில் மெக்கானிக். எங்களிடம் வருவதெல்லாம் டாக்ஸி, மீன் வேன், எப்போதாவது கல்யாணத்துக்கு வாடகை போகிற கார். ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஒரு உயரம். கோளாறு சின்னதுதான். ரேடியேட்டரின் கீழ் ஓஸில், அந்த ரப்பர் குழாயில், விரிசல் விட்டு கூலண்ட் சொட்டியது. ஆனால் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது அலுமினிய இஞ்சின். ஒரு தபா ஓவரா சூடாச்சுன்னா ஹெட்டு வளைஞ்சிடும். அப்பால நான் ஷெட்ட மூடிகினு போவணும். நீ அதுக்கு முன்னாடியே போயிருப்ப."

புது ஓஸுக்கு அளவெடுத்துக் கொடுத்தது நான். நீளத்தை எடுத்தேன், விட்டத்தை எடுத்தேன். அது நடுவில் வளைந்து போகிறது என்பதை மட்டும் எடுக்கவில்லை. வந்து சேர்ந்த ஓஸ் உலக்கை மாதிரி விறைப்பாக நின்றது. இதை பாயிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துப் பழைய ஓஸின் மேல் சுற்றி, கம்பி போட்டு இறுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். ரேடியேட்டர் ஒழுகினால் எங்கள் பக்கம் மஞ்சள் தூள் போடுவது வழக்கம். அது ஊறிப் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். எத்தனையோ டாக்ஸிகள் அப்படியே வருஷக்கணக்கில் ஓடியிருக்கின்றன. இரண்டு ஸ்பூன் போட்டேன். பெரிய இடத்து வண்டியாயிற்றே என்று இன்னொரு ஸ்பூனும்.

ஓஸ் மாற்றியாகிவிட்டதா என்று பாய் கேட்டார். மாற்றியாகிவிட்டது என்றேன். அவர் என்னை நம்புகிறவர். அதனால் பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காசிமேடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். காசிமேட்டில் சாலை காலியாக இருந்தது, நான் கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்த மனிதன் எங்கே திரும்புவான்? எர்ணாவூர் வரை போனேன். சூட்டைக் காட்டும் முள் அசையவே இல்லை. இந்த வண்டியைச் செய்த வெளிநாட்டுக்காரனுக்கு மஞ்சளின் அருமை தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

திரும்பி வரும்போது துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் ட்ரெய்லர்கள் திருவொற்றியூரிலேயே தேங்கி நின்றன. இடையில் ஒரு சந்து தெரிந்தது. நுழைந்தேன். சந்து மூடிக்கொண்டது. முன்னால் ஒரு ட்ரெய்லர், பின்னால் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. கதவைத் திறந்தால் ஒரு சாண் போய் டயரில் இடித்தது. என் கண்ணுக்கு நேரே சக்கரத்தின் போல்ட்டுகள்தான் தெரிந்தன. பின்னால் இருந்த டிரைவருக்குத் தன் மூக்குக்குக் கீழே ஒரு கார் இருப்பது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரிசை ஒரு ஆள் நீளம் நகரும். நின்றால் இஞ்சினை அணைப்பேன், நகர்ந்தால் கிளப்புவேன். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் முள் ஒரு கோடு மேலே இருந்தது. இஞ்சின் சூட்டை வெளியேற்ற ஒரு வழி உண்டு. வண்டிக்குள் இருக்கிற ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். சென்னையில், மே மாதம், நடுப்பகலில் ஹீட்டர் போட்டுக்கொண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். கண்ணாடியை இறக்கினால் டீசல் புகை, ஏற்றினால் அடுப்பு. இறக்கியே வைத்தேன்.

பாய் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்றார். இதோ, காசிமேட்டில் திரும்பிவிட்டேன் என்றேன். அணைக்க முடியாத ஹீட்டர் காதுக்குள் அனலாக ஊதியது.

கொஞ்ச நேரத்தில் பானட்டின் ஓரத்திலிருந்து ஆவி வந்தது. ரசம் கொதிக்கிற வாசனை. பின்னால் இருந்த ட்ரெய்லரின் கிளீனர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இறங்கி வந்து குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து பிடியை இழுத்துவிட்டேன். அவர் பானட்டைத் தூக்கினார்.

"இன்னா மாமு, உள்ள சாம்பார் வெச்சிகினு கீறியா?"

டியூப் சுற்று நழுவி, ஓஸிலிருந்து மஞ்சளாக ஊற்றிக்கொண்டிருந்ததாம். லாரிகளுக்கு நடுவே தலையில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாவும் நின்றுவிட்டார். கூடைக்கு அடியில் ஐஸ் உருகின தண்ணீர் இருக்கிறது, ஊற்றித் தொலைக்கட்டுமா என்று கேட்டார். அது உப்புத் தண்ணீர், சூடான இஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும், ரேடியேட்டர் மூடியையும் தொடக்கூடாது என்று ஜன்னல் வழியே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"எல்லாம் தெரிஞ்சவன் இன்னாத்துக்குடா மஞ்சள அள்ளிப் போட்ட?" என்றார் அந்த அம்மா. கூடையைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்.

முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே இருந்தது. இன்னும் ஒரு தடவை கிளப்பினால் ஹெட் போய்விடும். கிளப்பாமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். இறங்கி ஓடலாமென்றால் கதவு திறக்காது. ஜன்னல் வழியாக ஒரு முயற்சி செய்தேன். தலையும் ஒரு தோளும் போயின. தொப்பை வரவில்லை. அரை உடம்பு வெளியே தொங்க, அந்த நிலையிலேயே பாய்க்குப் போன் செய்தேன்.

"ஓஸ் மாத்தல பாய். அளவு தப்பா எடுத்துட்டேன். டியூப் சுத்தி மஞ்சள் போட்டுகீறேன். திருவொற்றியூர்ல மாட்டிகினு கீறேன்."

திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"இஞ்சின அமத்து," என்றார். "நான் வர்ற வரிக்கும் கிளப்பாத."

இஞ்சின் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை மட்டும் திருப்பி வைத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். அதன் பிறகு வரிசை நகரும்போதெல்லாம் கிளீனர் பின்னாலிருந்து தள்ளினார். உலகத்தையே சுற்றி வரக்கூடிய இஞ்சின் சும்மா இருக்க, பனியன் போட்ட ஒரு மனிதரின் பலத்தில் போனோம். பிரேக்கைச் சரியாக மிதிக்கச் சொல்லி அவர் எனக்கு வண்டியோட்டக் கற்றுக்கொடுத்தார்.

பாய் ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டு, ட்ரெய்லர்களுக்கு இடையே பக்கவாட்டில் நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக இஞ்சினிடம் போனார். பானட் மறைத்ததால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு நிஜமாக வியர்த்தது.

ஜன்னலுக்கு வந்தவர் கையில் ஆயில் பார்க்கிற கம்பி. ஹெட் வளைந்து தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். கம்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆயில் அதன் நிறத்திலேயே இருந்தது.

"தப்பிச்சிகிச்சு," என்றார். வண்டியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கம்பியை என் சட்டைக் கையிலேயே துடைத்தார். "மாத்தலன்னு காலையிலயே சொல்லியிருந்தா நானே வளைஞ்ச ஓஸ் ஒண்ணு தேடியிருப்பேன்ல?"

நான் தலையைக் குனிந்தேன். அந்த வண்டியில் அதற்கும் இடம் போதவில்லை, நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்து ஹாரன் அடித்தது.

"நாளிக்கு சீக்கிரம் வா," என்று சொல்லிவிட்டு, கிளீனரோடு சேர்ந்து தள்ளப் போனார்.

மறுநாள் சீக்கிரமே போனேன். அந்த ரேடியேட்டரை மூன்று நாள் கழுவினேன். மூன்றாம் நாள் மாலையில்கூடத் தண்ணீர் லேசாக மஞ்சளாகத்தான் வந்தது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் கழுவச் சொன்னார்.